காய்ச்சல் விடவேண்டிய நாளில் விடாத டெங்கு: மக்ரோபேஜ் அடங்காமல் போன ஒரு நிகழ்வு

புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்யும் 26 வயது இளைஞர், வீடு கொட்டாஞ்சேனையில். சீனி இல்லை, பிரஷர் இல்லை, சிகரெட் இல்லை, இதற்கு முன் ஆஸ்பத்திரியில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. (ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஜூன் மாதம், தென்மேல் பருவமழை தொடங்கியபின் கொழும்பில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வரும் காலம். காய்ச்சலின் மூன்றாம் நாள் பக்கத்து டிஸ்பென்சரியில் பார்த்த என்.எஸ்.1 (டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை) பொசிட்டிவ். நான்காம் நாள் தாயாரோடு எங்கள் வாட்டுக்கு வந்தார்.

வரும்போது வெண்குழியம் 2,400, பிளேட்லட் 98,000, பி.சி.வி. (இரத்தத்தில் செங்குழியங்களின் வீதம், பிளாஸ்மா கசிந்தால் ஏறும்) 41, ஹீமோகுளோபின் 13.8. ஐந்தாம் நாள் பிளேட்லட் 32,000க்கு இறங்கியது, ஸ்கானில் வலது நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் நீர், பித்தப்பைச் சுவர் தடித்திருந்தது. இரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றே எடுத்த பிறபொருளெதிரிப் பரிசோதனையில் ஐ.ஜி.ஜி. ஏற்கெனவே உயர்ந்திருந்தது, முன்பு ஒருமுறை தொற்று வந்தவருக்கே இது இவ்வளவு சீக்கிரம் ஏறும், ஆகவே இது அவருக்கு இரண்டாவது டெங்கு, முதலாவது எப்போது வந்துபோனது என்று அவருக்கே தெரியாது. அடுத்த 48 மணித்தியாலமும் எல்லா டெங்கு வாட்டிலும் நடப்பதுதான் நடந்தது: மணிக்கு மணி சிறுநீர் அளவு, அடிக்கடி பி.சி.வி., அளந்து கொடுக்கும் சேலைன். தாயார் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஜீவனி, கஞ்சி, செவ்விளநீர் என்று மகன் குடித்த ஒவ்வொரு மில்லிலீற்றரையும் நேரம் போட்டு எழுதினார், அந்தக் கொப்பி எங்கள் சார்ட்டைவிட ஒழுங்காக இருந்தது. பி.சி.வி. 48 வரை ஏறி, பின்பு இறங்கி, ஏழாம் நாள் காலையில் சிறுநீர் தாராளமாகப் போக ஆரம்பித்தது. கசிவு நின்றது.

சரி, இந்த இடத்தில் கதை முடிந்திருக்கவேண்டும். பெரும்பாலான டெங்குவில் கசிவு தொடங்கும் நேரத்திலேயே காய்ச்சல் விட்டுவிடும், கசிவு நின்றதும் பசி எடுக்கும், பிளேட்லட் ஏறும், இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவருக்குக் காய்ச்சல் விடவேயில்லை. ஏழாம் நாள் 102, எட்டாம் நாள் 103ஐத் தாண்டியது.

எட்டாம் நாள் இரத்த அறிக்கையை நான் முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வின் உயிர் அதில்தான் இருக்கிறது. பிளேட்லட் 24,000. ஹீமோகுளோபின் 8.6, எங்கேயும் இரத்தம் போகவில்லை, மலம் கறுக்கவில்லை, வயிற்றை ஸ்கான் பண்ணியும் உள்ளே இரத்தம் தேங்கவில்லை. கிருமியோடு போராடும் வெண்குழியமான நியூட்ரோபில் 800. ஈரல் அடிபட்டால் ஏறும் என்சைம்களில் ஏ.எஸ்.டி. 1,900, ஏ.எல்.டி. 700. ஈரல் வீங்கியிருந்தது, மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே மூன்று விரல் அளவு கைக்குப் பட்டது, நான்காம் நாள் அது படவில்லை.

முதலில் எவருக்கும் தோன்றுவது, டெங்குவுக்கு மேலே இன்னொரு கிருமி ஏறிவிட்டது என்பது. அதுதான் அதிகம் நடப்பதும்கூட. இரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பி, பலமான அன்டிபயோட்டிக் தொடங்கினோம். எலிக்காய்ச்சல், டைஃபஸ் இரண்டையும் யோசித்தோம், இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் மலேரியா ஃபில்மும் பார்த்தோம். இவை மூன்றும் நெகட்டிவ். அப்போது கண்ணில் உறுத்தியது வேறொன்று. சி.ஆர்.பி. 96, அதாவது உடம்பு முழுக்க அழற்சி. ஆனால் செங்குழியம் கீழே படியும் வேகத்தை அளக்கும் ஈ.எஸ்.ஆர். வெறும் 6. இந்த இரண்டும் வழக்கமாகச் சேர்ந்தே ஏறும். ஒன்று ஏறி மற்றது தரையில் கிடந்தால், இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற உறையவைக்கும் புரதம் தீர்ந்துபோயிருக்கிறதா என்று கேட்கவேண்டும், ஏனென்றால் செங்குழியங்களை அடுக்கடுக்காக ஒட்டவைத்து வேகமாகக் கீழே படியவைப்பது பெருமளவு அந்தப் புரதம்தான்.

ஃபைப்ரினோஜன் 110. வெறும்வயிற்றில் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக்கொழுப்பு 412. இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் மெஷினின் உச்ச எல்லையைத் தாண்டிவிட்டது, லேபில் ஐதாக்கித் திரும்பப் பார்த்தபோது 41,000.

அன்று பின்னேரமே இடுப்பெலும்பிலிருந்து என்புமச்சை எடுத்தோம். பிளேட்லட் இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஊசி போடலாமா என்று வீட்டார் பயந்தது நியாயம், ஆனால் அந்த இடம் தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நன்றாக அழுத்திப் பிடிக்கலாம், அதனால் செய்யலாம். ஸ்லைடை நான் போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய மக்ரோபேஜ், மற்றவற்றை விழுங்கும் கலம், அதன் கரு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது, உள்ளே முழுசாக ஐந்தாறு செங்குழியம், பொடிப்பொடியாகப் பிளேட்லட், பக்கத்தில் பாதி செரித்த ஒரு நியூட்ரோபில். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதுவும் அப்படியே. ஸ்லைடை நகர்த்த நகர்த்த வந்துகொண்டேயிருந்தது.

நோயின் பெயர் ஹீமோஃபாகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ், சுருக்கமாக எச்.எல்.எச். வாத நோய்களோடு, குறிப்பாகச் சிறுவர்களின் சிஸ்டமிக் ஆர்த்ரைட்டிஸோடு வரும்போது இதையே மக்ரோபேஜ் அக்டிவேஷன் சின்ட்ரோம் என்பார்கள். 2004ஆம் ஆண்டு விதிப்படி எட்டு அடையாளத்தில் ஐந்து போதும்: காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரண்டு வகை இரத்தக்கலங்களாவது குறைதல், ட்ரைகிளிசரைட் 265 அல்லது அதற்கு மேல், அல்லது ஃபைப்ரினோஜன் 150 அல்லது அதற்குக் கீழ், ஃபெரிட்டின் 500 அல்லது அதற்கு மேல், மச்சை முதலான இடங்களில் இரத்தக்கலம் தின்னும் மக்ரோபேஜ், என்.கே. கலங்கள் என்ற கொல்லும் வெண்குழியங்களின் வேலை குறைதல், டி கலங்கள் (இன்னொரு வகை வெண்குழியம்) உசுப்பப்பட்டதைக் காட்டும் கரைந்த சி.டி.25 உயர்தல். இவருக்கு முதல் ஆறும் இருந்தன. கடைசி இரண்டையும் அனுப்பவில்லை, தேவைப்படவுமில்லை. 2014இல் வந்த, இந்த நோயின் வாய்ப்பைப் புள்ளி போட்டுக் கணிக்கும் எச்-ஸ்கோர் கணக்கில் மச்சை முடிவைச் சேர்க்காமலே 169 என்ற எல்லையை வெகுதூரம் தாண்டிவிட்டார்.

இந்தக் கலம் யார்?

மக்ரோபேஜ் என்ற பெருந்தின்குழியத்தை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள், கிருமியை விழுங்கும் கலம் என்று. 1882இல் சிசிலியின் மெசினாவில் எலியா மெச்னிகோவ் நட்சத்திரமீன் குடம்பிக்குள் முள்ளைச் செருகிப் பார்த்தபோது முள்ளைச் சூழ்ந்துகொண்ட கலங்களிலிருந்து தொடங்குகிறது இந்த அறிவு, 1908இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கிருமி விழுங்குவது இதன் வேலையில் ஒரு பகுதி மட்டும். ஈரலில் குப்ஃபர் கலம், மூளையில் மைக்ரோக்ளியா, நுரையீரல் காற்றறைக்குள் ஒரு வகை, எலும்பைக் கரைக்கும் ஒஸ்டியோக்ளாஸ்ட்கூட இந்தக் குடும்பம்தான். இவற்றில் பல நாம் கருவில் இருக்கும்போதே உறுப்புகளுக்குள் குடியேறியவை. மற்றவை மச்சையிலிருந்து மொனோசைட்டாக இரத்தத்தில் வந்து, தேவைப்படும் இடத்தில் இறங்கி மக்ரோபேஜாக மாறுபவை.

நாள்தோறும் அது செய்யும் பெரிய வேலை முதிர்ந்த செங்குழியங்களை மண்ணீரலிலும் ஈரலிலும் அகற்றி, அவற்றின் இரும்பை மச்சைக்குத் திருப்பி அனுப்புவது. ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய இருபது இலட்சம் செங்குழியங்கள் இப்படிப் போகின்றன. அதாவது செங்குழியம் தின்பது மக்ரோபேஜுக்குப் புதிய வேலை இல்லை. இந்த இளைஞரின் உடம்பில் அது முதிர்ந்தது, இளையது என்று பார்க்காமல் தின்ன ஆரம்பித்ததுதான் கோளாறு.

அதை இந்த நிலைக்குக் கொண்டுபோவது எது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். சும்மா இருக்கும் மக்ரோபேஜின் மேற்பரப்பில் கிருமியின் பொதுவான உறுப்புகளை அடையாளம் காணும் வாங்கிகள் இருக்கின்றன, டோல்-லைக் ரிசெப்டர் என்று பெயர், பக்டீரியாவின் சுவரில் இருக்கும் கொழுப்புச்சர்க்கரையை டி.எல்.ஆர்.4 பிடிக்கும். அது பட்டதும் மக்ரோபேஜ் டி.என்.எஃப்., ஐ.எல்.-1, ஐ.எல்.-6, ஐ.எல்.-12, ஐ.எல்.-18 என்ற செய்தி மூலக்கூறுகளைக் கக்கும். ஐ.எல்.-12, ஐ.எல்.-18 இரண்டும் டி கலத்தையும் என்.கே. கலத்தையும் எழுப்பும். அவை பதிலுக்கு இன்டர்ஃபெரோன் காமாவைச் சுரக்கும். இந்த இன்டர்ஃபெரோன் காமா பட்ட மக்ரோபேஜ் உண்மையிலேயே வேறு ஆளாகிவிடும், பெரிதாகும், விழுங்கியதைக் கொல்லும் சக்தி பல மடங்காகும். 1960களில் ஜோர்ஜ் மக்கானஸ் எலிகளில் இந்த ‘உசுப்பப்பட்ட மக்ரோபேஜை’க் காட்டினார், அதை உசுப்பும் பொருள் இன்டர்ஃபெரோன் காமா என்று 1983இல் தெளிவானது. இதற்கு எதிர்த் திசையும் உண்டு. ஐ.எல்.-4, ஐ.எல்.-13 பட்டால் அதே கலம் காயத்தை ஆற்றும், தழும்பு கட்டும் பக்கம் போகும். எம்1, எம்2 என்று இரண்டாகப் பிரித்துப் பாடம் எடுப்பது வசதிதான், எனக்கு அதில் திருப்தி இல்லை, ஏனென்றால் உடம்பில் நாம் காணும் மக்ரோபேஜ் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது, நாளுக்கு நாள் மாறவும் செய்கிறது.

இப்போது முக்கியமான இடம். டி கலமும் மக்ரோபேஜும் இப்படி ஒன்றையொன்று ஏற்றிவிட்டுக்கொண்டே போனால் முடிவு எங்கே? முடிக்கவேண்டிய பொறுப்பும் டி கலத்துக்கும் என்.கே. கலத்துக்கும்தான் இருக்கிறது. கிருமியின் துண்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும் கலத்தின் சுவரில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளை போட்டு, கிரான்சைம் என்ற கொல்லும் என்சைமை உள்ளே செலுத்தி அதைக் கொன்றுவிடும். காட்டுகிற கலம் செத்தால் டி கலத்துக்குத் தூண்டுதல் இல்லை, இன்டர்ஃபெரோன் நின்றுவிடும், மக்ரோபேஜும் அடங்கும். குடும்பவழி எச்.எல்.எச். வரும் சில குழந்தைகளுக்குப் பெர்ஃபோரின் மரபணுவே பழுது என்று 1999இல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பெர்ஃபோரின் இல்லாத எலிகளுக்கு ஒரு வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது இதே நோய் வந்தது, இன்டர்ஃபெரோன் காமாவை மட்டும் தடுத்தபோது, வைரஸ் உள்ளே இருந்தும், எலிகள் பிழைத்தன. 2004இல் வெளியான அந்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை இந்த நோயைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். அதன் வழியில் வந்த, இன்டர்ஃபெரோன் காமாவைத் தடுக்கும் எமபலுமப் என்ற மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பிறவிப் பழுது இல்லாதவர்களுக்கும் கடுமையான ஒரு தொற்றின்போது இந்த நிறுத்தும் வேலை தற்காலிகமாகப் பின்தங்கிவிடலாம். டெங்கு அதற்கு ஏற்ற கிருமி, ஏனென்றால் அது குடியிருப்பதே மொனோசைட்டிலும் மக்ரோபேஜிலும்தான். இரண்டாவது டெங்குவில் நிலைமை இன்னும் மோசம். முதலில் தொற்றிய டெங்கு வகைக்கு உண்டான பிறபொருளெதிரி, இரண்டாவதாக வரும் வேறு வகையோடு ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. அந்தப் பிறபொருளெதிரியின் வாலை மக்ரோபேஜின் எஃப்.சி. வாங்கி பிடித்து இழுத்துக்கொள்ளும்போது வைரஸும் கூடவே உள்ளே போய்விடுகிறது. ஸ்கொட் ஹால்ஸ்டெட் 1970களில் முன்வைத்த விளக்கம் இது. இந்த இளைஞரின் ஐந்தாம் நாள் ஐ.ஜி.ஜி. எனக்கு இதனால்தான் முக்கியமாகப் பட்டது.

அறிக்கையில் இருந்த ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லலாம். காய்ச்சல் ஐ.எல்.-1, ஐ.எல்.-6 மூளைக்குச் சொன்னது. ட்ரைகிளிசரைட், இரத்தத்தில் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்சைமை டி.என்.எஃப். அமுக்கியதால் ஏறியது. ஃபைப்ரினோஜன், மக்ரோபேஜ் சுரக்கும் பிளாஸ்மினோஜன் அக்டிவேட்டர் கரைத்ததாலும், அடிபட்ட ஈரல் போதிய அளவு செய்யாததாலும் இறங்கியது, அதோடு ஈ.எஸ்.ஆர். விழுந்தது. ஹீமோகுளோபின் இறங்கியதற்கு மக்ரோபேஜ் தின்றது ஒரு காரணம், இன்டர்ஃபெரோனும் டி.என்.எஃப்.உம் மச்சையை அழுத்தியது இன்னொன்று. ஃபெரிட்டின் மக்ரோபேஜிலிருந்தும் ஈரலிலிருந்தும் கொட்டியது.

சிகிச்சை

எட்டாம் நாள் இரவு தாயார் வாட்டு வாசலில் நிறுத்திக் கேட்டார்: “ஏழு நாள் போனா சுகமாயிடும்னுதானே எல்லாரும் சொல்றாங்க டொக்டர், மகனுக்கு ஏன் இன்னும் உடம்பு கொதிக்குது?”

“அம்மா, கிருமிட வேலை அநேகமா முடிஞ்சிருச்சி. இப்ப காய்ச்சல குடுக்கிறது கிருமிய அழிக்க வந்த மகன்ட சொந்தக் கலங்கள்தான். அதுகள் நிக்க மாட்டேங்குது. அதுகள அடக்கத்தான் நாளைக்கு இல்ல, இப்பவே மருந்து தொடங்கப் போறம்.”

மருந்து டெக்ஸாமெதசோன், ஒரு சதுரமீற்றர் உடற்பரப்புக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், இவருக்கு 16 மில்லிகிராம், இரண்டு வேளையாக நாளத்தில். ஸ்டெரொயிட் டி கலங்களைக் குறைக்கும், மக்ரோபேஜ் செய்தி மூலக்கூறு கக்குவதையும் அடக்கும், டெக்ஸாமெதசோன் மூளைக்குள்ளும் நன்றாகப் போகும். முன்னதாக நெஞ்சு எக்ஸ்ரே பார்த்துக் காசநோய் அடையாளம் இல்லை என்று உறுதிசெய்தோம், ஹெபடைட்டிஸ் பி பார்த்தோம், ஐவர்மெக்டின் கொடுத்தோம், ஏனென்றால் நம் மண்ணில் ஸ்ட்ரொங்கிலொய்டிஸ் புழு உள்ளே இருக்கும் ஒருவருக்கு இவ்வளவு ஸ்டெரொயிட் கொடுத்தால் அந்தப் புழு உடம்பு முழுக்கப் பரவி ஆளைக் கொன்றுவிடலாம். அன்டிபயோட்டிக்கை நிறுத்தவில்லை, கல்ச்சர் முடிவு வரும்வரை ஓடியது. எட்டோபொசைட் என்ற புற்றுநோய் மருந்தும் கையில் இருந்தது. தூண்டிய வைரஸ் தானாகப் போய்க்கொண்டிருக்கும்போது அதை முதல்நாளே தொடவேண்டாம், 48 மணித்தியாலத்தில் ஸ்டெரொயிட்டுக்கு மசியாவிட்டால் பார்ப்போம் என்று இரத்தநோய் நிபுணரும் நாங்களும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

அடுத்த நாள் இரவு காய்ச்சல் 100க்குக் கீழே வந்தது. பதினோராம் நாள் ஃபெரிட்டின் 14,000, பிளேட்லட் 51,000, பதின்மூன்றாம் நாள் ஃபெரிட்டின் 5,200, ஃபைப்ரினோஜன் 210. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. எட்டோபொசைட் தேவைப்படவில்லை. முதல் தடவையாக அவர் பசிக்கிறது என்று சொன்ன நாளில் தாயார் கொப்பியில் ‘சோறு’ என்று எழுதினார், மில்லிலீற்றர் போடவில்லை.

இதிலிருந்து பிழையாக விளங்கிக்கொள்ளக்கூடிய ஒன்றை இங்கேயே மறுக்கவேண்டும். சாதாரண டெங்குவுக்கு ஸ்டெரொயிட் கொடுப்பதால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிளேட்லட்டை ஏற்றுவதற்காக ஊசி போடச்சொல்லி வாட்டில் உறவினர் கெஞ்சும்போது அதற்கு இணங்கக்கூடாது. 2017இல் மட்டும் இந்த நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, அதில் மிகப் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்பட்டது ஓய்வும், பெனடோலும், அளந்து கொடுத்த நீரும்தான். ஃபெரிட்டினும் அப்படித்தான், டெங்குவில் அது சில ஆயிரம்வரை பலருக்கும் ஏறும், எல்லோருக்கும் எடுத்தால் வீண் பயம். ஈரல் மோசமாகப் பழுதானாலும் ஏறும். இலங்கையிலிருந்தே டெங்குவோடு வந்த எச்.எல்.எச். பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் இது அரிதானதே. நான் சொல்வது குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றி: கசிவு நின்றபின்பும் காய்ச்சல் ஓயாதவர், இரத்தம் போகாமலே ஹீமோகுளோபின் இறங்குபவர், மண்ணீரல் புதிதாக வீங்குபவர். அவருக்கு அன்றே ஃபெரிட்டின், ட்ரைகிளிசரைட், ஃபைப்ரினோஜன் மூன்றும் போகவேண்டும், அடுத்த நாளும் போகவேண்டும், ஒரு நாள் எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அதிகம் சொல்லும்.

மக்ரோபேஜை இதனால் வில்லனாக்குவதும் சரியில்லை. இதே நாட்டில் மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா தோல்நோயில் ஒட்டுண்ணி மக்ரோபேஜுக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது, அதைக் கொல்ல இந்தக் கலம் இன்டர்ஃபெரோன் காமாவால் நன்றாக உசுப்பப்படவேண்டும். காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கிரனுலோமா கட்டிப் பூட்டிவைப்பதும் அதுவே, அதனால்தான் வாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்து கொடுக்கும்முன் காசநோய் பார்க்கிறோம். இருதய இரத்தக்குழாய்ச் சுவரில் கொலஸ்ட்ரோலை விழுங்கி நுரைக்கலமாகி அடைப்பை வளர்ப்பதும் அதுவேதான்.

அவர் பதினைந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். டெக்ஸாமெதசோனைக் குளிசையாக மாற்றி நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம், கிளினிக்கில் வாரம் ஒருமுறை எஃப்.பி.சி.யும் (முழு இரத்தக்கல எண்ணிக்கை) ஃபெரிட்டினும். குறைக்கும்போது நோய் திரும்பலாம் என்பதால் காய்ச்சல் 100ஐத் தாண்டினால் டிஸ்பென்சரிக்குப் போகாமல் நேரே வாட்டுக்கு வரச்சொல்லி, நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தோம். ஆறாம் வாரம் ஃபெரிட்டின் 310, மண்ணீரல் கைக்குப் படவில்லை. குடும்பத்தில் சிறுவயதில் காய்ச்சலால் இறந்தவர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தோம், இல்லை. அதனால் மரபணுச் சோதனையை இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்தோம், இது இன்னொரு தடவை வந்தால் அதுதான் முதல் வேலை. கிளினிக் ஃபைலில் அப்படியே குறித்திருக்கிறது.